சிரிஞ்சுக்குள் பேனா

கொட்டகையில் மெஷின் முனகத் தொடங்கியதும், தலை கிள்ளிக்கொண்டிருந்த நெத்திலியைத் தட்டில் போட்டுவிட்டுக் காஞ்சனா எழுந்தாள். எழுந்தவளுக்குப் போக இடம் தெரியவில்லை. முன்னால் போனால் தெரு, பின்னால் போனால் அந்தக் கொட்டகை. பைப்படியில் நின்று தண்ணீரைத் திறந்துவிட்டு, கை கழுவுகிறவள்போல வலது கையை இடது கையால் பொத்திக்கொண்டாள்.

“உக்காரு லா,” என்றாள் அவள் அம்மா மருதம்மாள், தட்டிலிருந்து தலையை எடுக்காமல். “அது பாட்டுக்குக் கத்திட்டுப் போவுது. நீ ஓடுனா நின்னுடவா போவுது?”

“நான் எங்க ஓடுனேன்? கை பிசுபிசுன்னு இருக்கு.”

“ஆமா, பிசுபிசுக்கும். பொய் சொல்றதுக்கும் ஒரு மொகம் வேணும்டி.”

அந்த நெத்திலி தஞ்சோங் டாவாய் கடற்கரைக்குப் போய் மருதம்மாள் தானே பொறுக்கி வாங்கி வந்தது. வெள்ளிக்கிழமை வீட்டு வாசலில் பந்தக்கால் ஊன்றுகிறார்கள். ஊன்றிவிட்டால் கல்யாணம் முடியும்வரை வீட்டில் கவுச்சி கூடாது. அதற்குள் நெத்திலியைக் காரமாகச் சம்பால் கிண்டி, பக்கத்து வீட்டு ஐஸ்பெட்டியில் ஒளித்துவைத்துவிட வேண்டும் என்பது அவள் திட்டம். சாமிக்கும் குறை இல்லை, கல்யாணத்துக்கு மறுநாள் விருந்துக்கும் குறை இல்லை.

கல்யாணம் காஞ்சனாவின் தங்கை பிரேமலாவுக்கு. மாப்பிள்ளை பெண்டாங் பக்கம். வயலைச் சுற்றிக் கடை வைத்துப் பிழைக்கிற குடும்பம். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். பீடோங்குக்கு வெளியே ரப்பர்த் தோட்டத்தின் கித்தா மரங்களைச் சாய்த்து, தொழிலாளர் லயத்தை இடித்த பிறகு, மருதம்மாளும் பிரேமலாவும் காஞ்சனா வீட்டோடுதான் இருக்கிறார்கள். தாமான் குடியிருப்பில் வரிசை வீடு, அடக்கமானது. பின்பக்கம் தகரம் போட்டு இறக்கிய கொட்டகையில் காஞ்சனாவின் புருஷன் குணாளன் சாமி மேடைகள் செய்கிறான். மயில், தாமரை, ஓங்காரம் எதுவாக இருந்தாலும் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் போதும். ரூட்டர் மெஷின் குறுக்கும் நெடுக்கும் ஓடி மரத்தில் குடைந்து கொடுத்துவிடும். சித்திரை மாதத்தில் ஒரு காலை அது மரத்தோடு காஞ்சனாவின் கையையும் குடைந்தது.

மெஷின் மேசையில் கிடந்த மரத்தூளைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள். மோட்டார் சுற்றிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியில் நரம்பைச் சேர்த்துத் தைத்தார்கள். பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் ஒருவாறு மடங்கும். கடைசி இரண்டும் குச்சிபோல நிற்கும். கரண்டி பிடித்தால் கொஞ்ச நேரத்தில் நழுவும். பேனா பிடித்தாலோ நடுக்கம் தொடங்கிவிடும்.

“எப்படிடி ஆச்சு?” என்று ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு மருதம்மாள் கதறினாள். “நானேதான்மா கைய விட்டுட்டேன், கவனிக்கல,” என்றாள் காஞ்சனா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். அவள் கையை விடவில்லை. குணாளன் திரும்பிப் பார்க்காமல் பட்டனை அமுக்கினான். கட்டிலின் கால்மாட்டில் நின்று அந்தப் பொய்யைக் கேட்டான், கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றான்.

அதன் பிறகு அவன் செய்யாத வேலை இல்லை. தலை வாரிவிட்டான், சோறு ஊட்டினான், மருந்துத் தண்ணீரைப் பெரிய சிரிஞ்சில் இழுத்துக் காலையும் மாலையும் புண்ணைக் கழுவினான். ஆனால் அந்த ஒரு வார்த்தை மட்டும் வாயிலிருந்து வரவில்லை. அவனைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னாள். ஆனால் ‘இல்லை, நான்தான்’ என்று அவன் குறுக்கே வருவான் என்று எதிர்பார்த்துவிட்டாள். கை வலியைவிட அது அதிகமாக வலித்தது. அன்றுமுதல் அவள் கொட்டகை வாசற்படியைத் தாண்டவில்லை.

இப்போது கல்யாணம் வந்து நிற்கிறது. இந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணப் பெண் உட்காரும் மணைப்பலகையில் அவளுடைய அக்காள் வெள்ளைச் சாயத்தில் கோலம் போட வேண்டும். புள்ளிகளைச் சுற்றி ஒரே கோடு. கிளம்பிய இடத்திலேயே வந்து சேரும்வரை கை எடுக்கக் கூடாது. அந்தப் பலகை பெண்ணோடு போய் அவள் வீட்டுச் சாமி அறையில் ஆயுசுக்கும் இருக்கும். சுங்கை பட்டாணிவரை எத்தனையோ கல்யாண மண்டபங்களில் கோலம் போட்டவள் காஞ்சனா. சொந்தத் தங்கையின் பலகைக்கு அவளுக்குக் கை இல்லை.

“நளினிகிட்ட சொல்லிட்டேன்,” என்றாள் மருதம்மாள், நெத்திலித் தலைகளை ஒரு பக்கம் ஒதுக்கியபடி. “வெள்ளிக்கெழம வந்து போட்டுக் குடுத்துடுவா. சித்தப்பன் மவளும் அக்காதான். யாரு கேக்கப் போறா?”

“நான் போடுறேன்னு சொன்னேன்ல?”

“எதுல போடுவ? இடது கையில போட்டியே, மண்புழு ஊர்ந்தாப்ல இருந்துச்சே, அந்த மாதிரியா?”

கொட்டகையில் ‘டக்’ என்று ஏதோ முறிந்தது. முனகல் நின்றது.

முறிந்தது குணாளன் செய்த முதல் பேனாப் பிடி. மெஷினில் மோட்டார் இருந்த இடத்தில் பேனாவை மாட்டிவிட்டால், காஞ்சனாவின் பழைய கோலம் ஒன்றை அப்படியே வரைந்துவிடலாம் என்று அவனாகக் கிளம்பினான், யாரிடமும் கேட்கவில்லை. ஒட்டுப்பலகைத் துண்டில் துளை போட்டு, வெள்ளைச் சாயப் பேனாவை இறுக்கிச் சொருகினான். மணைக்கு எடுக்கிற பலாப்பலகை எவ்வளவு இழைத்தாலும் நடுவில் நகம் அளவுக்கு மேடு தட்டித்தான் இருக்கும். அது மெஷினுக்குத் தெரியுமா? மேட்டில் ஏறிய பேனாவின் மூக்கு நசுங்கி, பிடியும் முறிந்தது. நல்லவேளை, அடியில் பழைய பலகை ஒன்றுதான் கிடந்தது. நிஜப் பலகை அவனிடம் ஒன்றே ஒன்றுதான்.

இரண்டாவது பிடிக்கு ஒயர் போகிற பிளாஸ்டிக் குழாயை அறுத்தான். உள்ளே பேனா, அதற்கு மேல் பால்பாயின்ட் பேனாவிலிருந்து பிடுங்கிய சுருள்கம்பி. மேடு வந்தால் பேனா ஏறும், பள்ளம் வந்தால் இறங்கும். ஏறவும் இறங்கவும் செய்தது, ஆனால் குழாய்க்குள் ஆடவும் செய்தது. குடிகாரன் நடந்த தடம்போலக் கோடு இரட்டை இரட்டையாக விழுந்தது. ஆட்டத்தை நிறுத்தப் பேனாவுக்கு டேப் சுற்றினான். அது குழாயோடு ஒட்டிக்கொண்டு, ஏறவும் மாட்டேன் இறங்கவும் மாட்டேன் என்று அடம்பிடித்தது.

சாயங்காலம் கூலிம் ஹைடெக் பூங்காவில் பேக்டரி வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கிய பிரேமலா, நீல வேலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் நேரே கொட்டகைக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு அடுக்களைக்கு வந்தாள்.

“அக்கா, மாமா மதியம் சாப்டாரா இல்லையா? மூஞ்சியே சரியில்ல.”

“சோறு வெளியதான் வச்சிருக்கு.”

“நீ கொண்டு போயி குடுக்கலாம்ல?”

“நான் அங்க போறதில்லன்னு உனக்குத் தெரியாதா?”

பிரேமலா தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். “இங்க பாரு. உன் பலகை இல்லன்னா எனக்குப் பலகையே வேணாம். மண்டபத்து நாற்காலியில உக்காந்து தாலி கட்டிக்கிறேன். பெண்டாங்காரங்க சிரிச்சாலும் சிரிக்கட்டும் லா.”

“வாயக் கழுவுடி,” என்று உள்ளேயிருந்து மருதம்மாளின் சத்தம் வந்தது. “கல்யாணப் பொண்ணு பேசுற பேச்சா இது?”

தங்கை அன்பாகத்தான் சொன்னாள். அந்த அன்பே இப்போது காஞ்சனாவின் தலையில் பாரமாக ஏறி உட்கார்ந்தது.

மறுநாள் வெயில் கொளுத்தியது. குணாளன் வரைந்து பார்த்த பலகைத் துண்டு ஒன்று, காய்வதற்காக அடுக்களைக் கதவோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பார்க்கக் கூடாது என்றுதான் காஞ்சனா கடந்து போனாள். பார்த்துவிட்டாள். கோடு அவளுடையதுதான், வளைவுகளும் அவளுடையவைதான். ஆனால் வளைவுக்கு வளைவு பொட்டு வைத்ததுபோல ஒரு சாயத் திட்டு. அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, பலகையைத் தூக்கிக்கொண்டு நேரே கொட்டகை வாசலுக்குப் போய்விட்டாள். படியில் வந்ததும் கால் தானாக நின்றது.

“என்னங்க இது?”

குணாளன் நிமிர்ந்தான். அவள் இந்த வாசலில் வந்து நின்று எத்தனை மாதமாயிற்று! கையிலிருந்த அரத்தைக் கீழே வைக்கவும் மறந்துவிட்டான்.

“எது?”

“இந்தத் திட்டு. கோலத்துல கை எடுக்கக் கூடாதுன்னு தெரியாது? ஒவ்வொரு வளைவுக்கும் பேனாவத் தூக்கித் தூக்கி வைக்குது உங்க மெஷினு. எங்கம்மா பாத்தா என்ன சொல்லும் தெரியுமா? கோடு அறுந்தா குடும்பம் அறும்னு சொல்லும்.”

“அது... கம்ப்யூட்டர் துண்டு துண்டா வெட்டிடுது. போட்டோவ வச்சு எடுத்தேன்ல. எந்தத் துண்டுக்கு அடுத்து எந்தத் துண்டுன்னு அதுக்குத் தெரியல.” கொஞ்சம் தயங்கினான். “எனக்கும் தெரியல.”

“கேட்டா சொல்ல மாட்டேனா?”

“நீதான் பேசுறதே இல்லையே.”

“நீங்க பேசுனீங்களா?”

வெளியே செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று தடதடவென்று போனது. காஞ்சனா வாசற்படியிலேயே குந்தினாள். படியோரம் மரத்தூள் மெத்தைபோலப் படிந்திருந்தது. இடது கை விரலால் அதில் புள்ளி வைத்தாள்.

“இங்கருந்து கெளம்பணும். ஈசானி மூல. இப்படி வந்து, இந்தப் புள்ளிய ஒட்டி, உள்ள போயி... பாக்குறீங்களா இல்லையா?”

“பாத்துட்டுத்தான் இருக்கேன்.”

“இந்த எடத்துல எல்லாரும் வலப்பக்கம் திரும்பிடுவாங்க. தப்பு. நேரா போவணும். போனா கடைசியில தானே வந்து சேரும்.”

அவன் மறுபக்கம் குந்தி, காதிலிருந்த பென்சிலை எடுத்து ஒரு பலகைச் சில்லில் அந்த வழியைக் குறித்துக்கொண்டான். இருவருக்கும் நடுவில் படி இருந்தது. அவள் எழுந்து போகும்போது “சோத்த எடுத்துச் சாப்பிடுங்க,” என்று மட்டும் சொன்னாள்.

வியாழக்கிழமை காலையில் காஞ்சனா பல் விளக்கப் போனபோது, குளியலறைக் குவளையில் பல் பிரஷ்களோடு நின்றிருந்த பெரிய சிரிஞ்சைக் காணோம். புண் ஆறியபிறகும் அதை யாரும் எறியவில்லை. ஏன் என்று யாரும் கேட்டதும் இல்லை. அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். குணாளன் அதன் மூக்கை அறுத்துவிட்டு, குழலுக்குள் வெள்ளைப் பேனாவை இறக்கிக்கொண்டிருந்தான். பேனாவின் உடம்பில் மெல்லிய ரப்பர் வளையம் இரண்டு. மேலே சுருள்கம்பி, அதற்கும் மேலே சிரிஞ்சின் தள்ளுகட்டை. விரலால் அமுக்கிப் பார்த்தான். பேனா ஆடாமல் இறங்கி, ஆடாமல் ஏறியது. அதே விரலால் அவன் எத்தனை தடவை அந்தச் சிரிஞ்சை அமுக்கி அவளுடைய கைப்புண்ணைக் கழுவினான் என்று காஞ்சனாவுக்கு ஞாபகம் வந்தது. அவள் அலறாமலிருக்க அப்போது அவன் ஏதாவது உளறிக்கொண்டே இருப்பான்.

வெள்ளிக்கிழமை பந்தக்கால் ஊன்றி, வந்தவர்களுக்கு மீகூன் சேமியாவும் காப்பியும் கொடுத்து அனுப்பிய பிறகு மழை பிடித்துக்கொண்டது. கூலிமிலிருந்து வந்த நளினி சாய டப்பாவும் தூரிகையுமாகக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண்தான். அவளுக்கே சங்கடமாக இருந்தது.

“பெரிம்மா, காஞ்சனா அக்காவ ஒரு வார்த்த கேட்டுட்டு...”

“என்னத்தக் கேக்குறது? மாப்ள கொட்டகையிலதான் பலகைய வச்சிருக்காரு. வா, எடுத்துட்டு வருவோம்.”

தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மருதம்மாள் கொட்டகைக்குள் நுழைந்தாள். பின்னால் நளினி, அவளுக்குப் பின்னால் பிரேமலா. காஞ்சனா வழக்கம்போல வாசற்படியில் நின்றுவிட்டாள். தகரத்தில் மழை அடித்த சத்தத்தில் எல்லாரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

பலாப்பலகை மெஷின் மேசையில் இறுக்கி வைக்கப்பட்டிருந்தது. சிரிஞ்சும் அதன் இடத்தில் மாட்டப்பட்டிருந்தது. குடைகிற மோட்டாரைக் கழற்றி மேல்தட்டில் வைத்திருந்தான் குணாளன்.

“அத்த, கொஞ்சம் பொறுங்க. இப்ப சரியா வருது. இதப் பாருங்க.” ஒரு பலகைத் துண்டை எடுத்து நீட்டினான். திட்டு இல்லை, இரட்டைக் கோடு இல்லை. ஒரே கோடு, கிளம்பிய இடத்தில் வந்து முடிந்திருந்தது.

மருதம்மாள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். குறை கண்டுபிடிக்க முடியாதது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்திருக்க வேண்டும்.

“நல்லாத்தான் இருக்கு. கடையில விக்கிற ஸ்டிக்கர் மாதிரி இருக்கு. இதுல யாரு கை இருக்கு மாப்ள? அக்கா கை படாத பலகையில என் பொண்ண உக்கார வைக்க மாட்டேன். கோவிச்சுக்காதீங்க.”

“கோலம் அவளோடது அத்த. வழி அவ சொன்னது.”

“வழி யாரு வேணா சொல்லுவாங்க. கை வேணும்.” அவள் குரல் உடைந்தது. “எம்மவளுக்குக் கை இருந்தா நான் ஏன் நளினிய கூப்புடப் போறேன்? இவளே கவனமில்லாம மெஷினுக்குள்ள கைய விட்டுட்டு, இப்ப யார நொந்து என்ன பண்றது?”

காஞ்சனா வாசற்படிக் கட்டையை இடது கையால் பிடித்துக்கொண்டாள். இந்தப் பேச்சை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். எப்போதும்போலக் குணாளன் தலையைக் குனிவான், அவள் வேறு பக்கம் பார்ப்பாள், விஷயம் முடிந்துவிடும்.

குணாளன் தலையைக் குனியவில்லை.

“அவ கைய விடல அத்த.”

“என்னது?”

“அவ விடல. அவ தூளு கூட்டிக்கிட்டு இருந்தா. நான் கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டே பட்டன அமுக்கிட்டேன். திரும்பி ஒரு பார்வ பாத்திருந்தா போதும். பாக்கல. நான்தான் அத்த.” மழைக்கு மேலாகக் கத்திச் சொல்ல வேண்டியிருந்ததால், அழுகையும் கத்தலாகத்தான் வந்தது. “ஆஸ்பத்திரியில அவ எனக்காகப் பொய் சொன்னா. நான் வாயத் தொறக்கல. இத்தன நாளும் தொறக்கல.”

நளினி தூரிகையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள், ஏன் என்று அவளுக்கே தெரியாது. பிரேமலா அம்மாவின் தோளைப் பிடித்தாள். மருதம்மாளின் வாய் திறந்தது. என்ன வரப்போகிறதோ என்று எல்லாருக்கும் பயம். அவள் கத்தியிருந்தால் தேவலை. மருமகனை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

காஞ்சனா படியைத் தாண்டி உள்ளே வந்தாள்.

யாரையும் பார்க்காமல் மெஷினருகே போனாள். மரத்தூளும் எண்ணெயும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியது. சிரிஞ்சை உற்றுப் பார்த்தாள். குழலின் மேல்விளிம்பில், விரல் கொடுத்துப் பிடிப்பதற்கான இரண்டு காதுகளை அவன் அறுக்காமல் விட்டிருந்தான். வலது கையைத் தூக்கினாள். மடங்குகிற இரண்டு விரல்களையும் காதுகளுக்குக் கீழே கொடுத்தாள், தள்ளுகட்டையின் தலையைப் பெருவிரலால் தொட்டாள். குச்சிவிரல்கள் இரண்டும் காற்றில் நின்றன. மற்றபடி கை அதில் பொருந்தித்தான் உட்கார்ந்தது.

“காஞ்சனா, வேணாம்,” என்றான் குணாளன். “அது ஓடும்போது...”

“மோட்டார் இல்லல்ல?”

“இல்ல. கழட்டிட்டேன். ஒயரும் பிடுங்கிட்டேன், பாரு.” மேல்தட்டில் தொங்கிய வெற்று ஒயரை இழுத்துக் காட்டினான். “ஆனா இந்தச் சட்டம் நகரும். நீ எதிர்த்துத் தள்ளாத. இழுக்கவும் செய்யாத. அதுகூடவே போ.”

“சரி.”

“பயமா இருந்தா ஒரு சத்தம் குடு, நிறுத்திடுறேன்.”

“பயமாத்தான் இருக்கு.” கை போனதற்குப் பிறகு முதல்முறையாக அவள் அவனை நேராகப் பார்த்தாள். “இந்தத் தடவ என் மொகத்தப் பாத்துக்கிட்டு அமுக்குங்க.”

அவன் இடது கையைச் சிவப்புப் பட்டன்மேல் வைத்துக்கொண்டான். அது நிறுத்துகிற பட்டன். வலது கை கம்ப்யூட்டருக்குப் போனது. கண் அவள் முகத்தை விட்டு நகரவில்லை. அமுக்கினான்.

மெஷின் முனகியது. சட்டம் அசைந்ததும் காஞ்சனாவின் உடம்பு முழுவதும் கையைப் பிடுங்கு பிடுங்கு என்று கத்தியது. பற்களைக் கடித்துக்கொண்டு நின்றாள். பேனா ஈசானி மூலையில் இறங்கியது. சுருள்கம்பி பெருவிரலுக்கடியில் உயிருள்ளதுபோல எம்பியது. மரத்தில் வெள்ளைக் கோடு புறப்பட்டது. அவள் கை அதனோடு போனது. முதல் புள்ளியைச் சுற்றும்போது நடுக்கத்தில் பெருவிரல் அழுத்திவிட, அந்த இடத்தில் கோடு தடித்தது. எதுவும் முறியவில்லை. கம்பி விட்டுக்கொடுத்தது, கோடு மேலே போனது.

இரண்டாவது வளைவில் கை வழியைக் கண்டுகொண்டது. எல்லாரும் தப்புகிற அந்தத் திருப்பம் வந்தபோது, மெஷின் போவதற்குள் அவள் கை நேராகப் போகத் தயாராக இருந்தது. வளைவின் முதுகில் எப்போதும் கொடுக்கிற அழுத்தத்தைக் கொடுத்தாள், திரும்பும்போது எப்போதும்போல இளக்கினாள். கோடு தடித்தும் மெலிந்தும் ஓடியது. முழங்கைவரை வலி ஏறியது. எடுக்கவில்லை. மழை மட்டும் தகரத்தை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

கோடு சுற்றிச் சுற்றி வந்து, கிளம்பிய இடத்தைத் தொட்டது. பேனா மேலே எழும்பியது. சட்டம் நின்றது.

காஞ்சனாவால் உடனே விரல்களை உருவிக்கொள்ள முடியவில்லை. பிரேமலா வந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். அப்படியே அக்காளின் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு விசித்து அழுதாள்.

மருதம்மாள் பலகைமேல் குனிந்தாள். சாயத்தைத் தொடாமல், அரை விரல் உயரத்தில் கோட்டின்மேல் கையை ஓட்டிக்கொண்டே போனாள். முதல் புள்ளியருகே நின்றாள்.

“இங்க நடுங்கியிருக்க.”

“ஆமாம்மா.”

“இந்த வளைவுல ஒரு அமுக்கு அமுக்குவ நீ. சின்னதுலருந்தே அமுக்குவ. சொன்னாலும் கேக்க மாட்ட.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நளினி, அந்தச் சாயத்த மூடி வையி, காஞ்சுடும்.”

பிறகு குணாளன் பக்கம் திரும்பினாள். அவனிடம் சொல்ல அவளுக்கு நிறைய இருந்தது, அது முகத்தில் தெரிந்தது. கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிவைத்தாளோ என்னவோ, “காலையிலருந்து பசியாறல நீங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி அடுக்களைக்குப் போனாள். பிரேமலாவும் நளினியும் பின்னால் ஓடினார்கள்.

கொட்டகையில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். குணாளனின் இடது கை இன்னும் சிவப்புப் பட்டன்மேலேயே இருந்தது. பலகையில் கோலம் எப்படி வந்திருக்கிறது என்று அவன் இன்னும் பார்க்கவே இல்லை.

“மெஷின் நின்னுடுச்சுங்க,” என்றாள் காஞ்சனா.

“தெரியும்,” என்றான். அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.